ஐம்பது நாளும் எழுந்து நிற்போம்

அன்பான பங்கு மக்களே,

இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் நின்றோமே, நினைவிருக்கிறதா? பெரிய பாஸ்கா திரியிலிருந்து ஒருவர் ஏற்றினார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். எரிகிற திரியைச் சாய்த்தால் மெழுகு கையில் சொட்டிவிடும். அதனால் எரியாத திரியைத்தான் சாய்த்துப் பற்றவைத்துக்கொள்கிறோம். பேர்கூடத் தெரியாத ஒருவரிடம் அப்படிக் கொஞ்சம் குனிந்துதான் வெளிச்சம் வாங்கினோம். கடைசி வரிசைவரை ஒளி போய்ச் சேர்ந்தது ஒவ்வொருவர் கையாலும்தான்.

அதே மக்கள் அடுத்த ஞாயிறு எங்கே போனோம்? தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்தோம், சிலுவைப் பாதைக்குக் கூடினோம். தவத்துக்கு 40 நாள் வைத்த திருச்சபை, உயிர்ப்பு முதல் தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து திருநாள்வரை மகிழ்ச்சிக்கு 50 நாள் வைத்திருக்கிறது. நாமோ அதை ஒரே இரவில் முடித்துவிடுகிறோம். சேர்ந்து அழத் தெரிந்த நமக்குச் சேர்ந்து மகிழத் தெரியவில்லையே என்று எனக்கு மனசு உறுத்துகிறது.

முதல் கிறிஸ்தவர்கள் இந்த நாட்களை உடம்பாலேயே கொண்டாடினார்கள். 325-இல் கூடிய ஆயர்களின் நீசேயா பொதுச்சங்கத்தின் 20-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஞாயிறுகளிலும் பெந்தகோஸ்து நாட்களிலும், அதாவது இந்த 50 நாளிலும், யாரும் முழந்தாளிட வேண்டாம், எல்லா இடத்திலும் ஒன்றுபோல நின்றே செபியுங்கள் என்கிறது. எழுந்தவரின் மக்கள் எழுந்து நிற்கிறார்கள்! திருவிழிப்பில் புனிதர் மன்றாட்டுமாலையை இன்றும் நின்றுகொண்டுதான் பாடுகிறோம். அந்தப் பழைய வழக்கம் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுவரில் சாய்ந்துகொண்டும் வாசற்படியில் கைகட்டிக்கொண்டும் நிற்பதை நான் சொல்லவில்லை.

பங்கேற்பது என்றாலே வாசகம் வாசிப்பது, பாடகர் குழுவில் சேர்வது, காணிக்கை எடுத்துப் போவது என்று நினைக்கிறோம். அவை வேண்டும்தான். ஆனால் அதெல்லாம் சிலருக்குத்தான் கிடைக்கும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிப் பேசியபோது, முழுமையாக, உணர்ந்து, செயல்முறையில் பங்கேற்பது திருமுழுக்கால் நமக்கு வந்த உரிமையும் கடமையும் என்றது. திருமுழுக்கு பெற்ற ஒவ்வொருவருக்கும் அது உண்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திருப்பலியில் அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் சொல்லும் நற்கருணை மன்றாட்டின் முடிவில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்கிறார். அதற்கு வரும் "ஆமென்" நம்முடையது. ஏறத்தாழ 155-இல் மறைசாட்சி யுஸ்தீன் ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியபோதும், தலைவர் நன்றிமன்றாட்டை முடித்ததும் மக்கள் எல்லாரும் "ஆமென்" என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்று தனியாகக் குறித்துவைத்தார். அந்தச் சொல்லைப் பாடகர் குழுவிடம் விட்டுவிடாதீர்கள். வரும் ஞாயிறு பக்கத்தில் நிற்பவர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். பெந்தகோஸ்துவரை பாஸ்கா திரி நம் முன்னே எரிந்துகொண்டுதான் இருக்கும்.