தாடி ஓணானின் காலடியில்

நேயர்களுக்கு வணக்கம். பியர்டட் டிராகன் என்ற பெயரில் விற்கிறார்களே, அதை நான் தாடி ஓணான் என்றுதான் சொல்வேன். ஓணான் குடும்பத்துப் பிராணிதான் அது. மிரண்டால் தொண்டையை உப்பிக் கறுக்க வைத்துக்கொள்ளும், அதுதான் தாடி. அதன் கூண்டுத் தரையில் என்ன பரப்புவது என்று கேட்டு என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் முதல் ஓணானை விற்றவர், கூடவே ஒரு பை கால்சியம் மணலும் கொடுத்தார். "பாலைவனப் பிராணி, மணல்தான் பிடிக்கும். தின்றாலும் கால்சியம்தானே, கரைந்துவிடும்" என்றார். நம்பிவிட்டேன். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் ஓணான் தீனியைத் தொடவில்லை, எச்சமும் போடவில்லை. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். குடலில் சுண்ணாம்பு அடைத்த மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அந்த மணலில் ஒரு கரண்டி எடுத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பசைபோல இறுகி நின்றது. கரையவில்லை.

இந்த ஓணான் எதையும் நாக்கால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். புது இடம், புதுப் பொருள், உங்கள் விரல், எல்லாவற்றையும் ஒரு தரம் நக்கிப் பார்க்கும். அந்த நாக்கில் பசை உண்டு. ஒரு பூச்சியைப் பிடிக்கும்போது கிட்டே இருந்து பாருங்கள்: நாக்கு தரையில் படும், பூச்சியோடு பத்துப் பன்னிரண்டு மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அது மணலில் வாழ்கிற பிராணிதானே என்றால், அங்கேதான் தப்பு. இதன் சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. அங்கே பெரும்பாலும் களிமண்ணும் மணலும் கலந்து, வெயிலில் காய்ந்து கெட்டித்த நிலம். நடுவே புதர், மரம், பாறை. காலை வைத்தால் புதைகிற மணல்மேட்டுப் படம் நம் மனதில் இருப்பது.

மணலை மட்டும் குற்றவாளி ஆக்கவும் மாட்டேன். உடம்பில் நீர் குறைந்தாலோ, விளக்கடியில் அது வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலோ, புற ஊதா விளக்கும் கால்சியமும் போதாவிட்டாலோ குடல் மந்தமாகும். நல்ல நிலையில் இருக்கிற ஓணான் கொஞ்சம் மண்ணை விழுங்கினாலும் வெளியே தள்ளிவிடும். நோஞ்சானுக்கு அது முடியாது.

அதனால்தான் குட்டிக்கும், நோயாளிக்கும், புதிதாக வீட்டுக்கு வந்ததற்கும் நான் வெறும் காகிதம்தான் போடச் சொல்வேன். செய்தித்தாள், டிஷ்யூ தாள், எதுவானாலும் சரி. கண்ணுக்கு லட்சணமாக இருக்காது. ஆனால் எச்சம் அப்படியே கிடக்கும். பழுப்புப் பகுதி உருண்டையாக இருக்கிறதா, தண்ணீராகப் போகிறதா, வெள்ளைப் பகுதி மென்மையாக இருக்கிறதா, சுண்ணக்கட்டிபோல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. குடல் ஒட்டுண்ணிச் சோதனைக்கு மருத்துவர் எச்சத்தில் கொஞ்சம் கேட்டாலும் மண் ஒட்டாமல் கொடுக்கலாம்.

வளர்ந்த ஓணானுக்கு என் ஓட்டு தரை ஓடுகளுக்குத்தான். ஸ்லேட் மாதிரிச் சொரசொரப்பானதாக இருக்க வேண்டும். வழவழப்பான ஓட்டில் கால் பரப்பிக்கொண்டு வழுக்கும். சொரசொரப்பான ஓடு சூட்டைப் பிடித்து வைக்கும், நகத்தையும் தேய்த்துவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டால் ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்று உள்ளே. இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதியுங்கள். இடுக்கில் ஒளிந்த பூச்சி ராத்திரியில் தூங்குகிற ஓணானைக் கடிக்கும். விளக்குக்கு நேர் கீழே உள்ள ஓட்டின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்துவிடுங்கள். கழுவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

மண்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உரமும் பூச்சிமருந்தும், பெர்லைட் என்கிற வெள்ளைத் துகளும் கலக்காத மேல்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. ஈரமாக்கி, அழுத்தித் தட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். விரலால் சுரண்டினால் பொடி உதிரக் கூடாது. உதிர்ந்தால் இன்னும் ஆகவில்லை. தீனியைத் தட்டில் வைத்துவிடுங்கள்.

வால்நட் ஓட்டுத் தூள், சோளத்தக்கைத் துகள், மரச்சீவல் மூன்றும் வேண்டவே வேண்டாம். குடலில் போய்ச் சிக்குகிற சாமான்கள் அவை. தேவதாரு போன்ற மணமுள்ள மரமானால் அதன் நெடி நுரையீரலுக்கும் கெடுதல். துணி விரிப்பு வாங்கினால் நூல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகம் மாட்டிக்கொண்டு விரல் போன கதை உண்டு.

பெண் ஓணான் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆண் துணை இல்லாமலும் அது முட்டையிடும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். அது கூண்டின் மூலையைப் பிறாண்ட ஆரம்பித்தால், ஒரு ஆழமான டப்பாவில் ஈரமான மண்ணும் மணலும் கலந்து 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிரப்பி வையுங்கள். விரலால் ஒரு பொந்து போட்டால் இடியாமல் நிற்க வேண்டும். அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காராதீர்கள். ஆள் இருந்தால் தோண்டாது. வேலை முடிந்ததும் மூக்கு நுனியெல்லாம் மண்ணோடு வந்து வெயில் விளக்கடியில் படுத்துக்கொள்ளும். ஓடெல்லாம் சேறாகத்தான் ஆகும். அன்றைக்கு ஒரு நாள் துடைத்துக்கொள்ளலாம். வணக்கம்.