பணம் கடைமடைக்குப் போகுதா? திருத்துறைப்பூண்டித் தம்பி கேட்ட கேள்வி

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "போர் முடிஞ்ச நாட்டுக்கு வெளிநாடுகள் கோடி கோடியாக் கொடுக்குதே, அது மக்கள் கைக்குப் போகுதா ஐயா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடுதான் திரிகிறேன்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் கடைமடைக் கணக்கு தெரியும்; கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் வயல். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும், ஆனால் வேதாரண்யம் பக்கத்து வயலில் நாற்று நட முடிந்ததா என்பதுதான் எனக்குக் கணக்கு. உதவிப் பணத்துக்கும் அதே கணக்குதான்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் டோக்கியோவில் மாநாடு கூட்டி சுமார் 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள், சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் என்ற நிபந்தனையோடு. பேச்சு முறிந்தது. போர் திரும்பி வந்து 2009 மே வரை போனது. மேட்டூரில் அறிவித்த தண்ணீர் முழுசாகக் கடைமடைக்கு வராத கதை அது.

அப்புறம் இந்தியா 50,000 வீடு கட்டித்தர முன்வந்தது. முதல் 1,000 வீடு ஒப்பந்ததாரர்கள் கட்டினார்கள். அடுத்து வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு வேறு வழி பிடித்தார்கள்: ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை நகர நகரத் தவணையாக, நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு. கொத்தனாரைப் பிடிப்பது, வாசல் எந்தப் பக்கம் என்று சொல்வது எல்லாம் அந்த வீட்டுக்காரர்தான். விலை ஏறியதால் கடன்பட்டுக் கட்டி முடித்தவர்களும் உண்டு, அது பெரிய வலி. ஆனாலும் இந்த வழிதான் சரி என்று நான் நம்புகிறேன்.

ஏன் தெரியுமா? சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு வீடு கிடைத்தது. நல்ல கான்கிரீட் வீடுதான். ஆனால் அடுப்படியில் விறகு மூட்டினால் புகை போக வழியில்லை, வலை வைக்க இடமில்லை. பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அங்கேதான் வருஷக்கணக்காகச் சமைத்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். வீடு கட்ட முதலில் காலடி வைக்க மண் வேண்டுமே? இலங்கையின் வடக்கில், ஆனையிறவுக்கு வடக்கே முகமாலை பல வருஷம் போர்முனையாக இருந்த இடம், மண்ணெல்லாம் கண்ணிவெடி. ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பணத்தில் அதை அங்குலம் அங்குலமாக அகற்றுகிறார்கள். வெயிலில் முழங்காலிட்டு அந்த வேலை செய்பவர்களில் பலர் வடக்கு மாகாணத்துப் பெண்கள், போரில் கணவனை இழந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். மண்ணும் மீள்கிறது, மாதச் சம்பளமும் அந்தப் பெண்களுடைய பிள்ளைகளின் சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. போகுதா என்று கேட்டீர்களே தம்பி, இங்கே போகிறது.