அருகம்புல்லும் என் வீட்டுச் சொட்டையும்

வணக்கம் நேயர்களே. புல்தரையில் சொட்டை விழுந்தால் உடனே விதையும் உரமும் வாங்க ஓடுவோம், நானும் ஓடினேன், அதுவும் டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம் பார்த்து. தூவிய மறுநாளே மழையில் பாதி விதை கால்வாய்க்குப் போய்விட்டது, மீதியை மைனாக்கள் கவனித்துக்கொண்டன. போதாக்குறைக்கு அது குளிர்நாட்டு ரைகிராஸ். மழை விட்டிருந்தாலும் சிங்கப்பூர் வெக்கையில் அது தாங்கியிருக்காது. பொட்டலத்துப் படத்தில் இருந்த பச்சையில் மயங்கிவிட்டேன், வேறென்ன!

சரி, முதலில் அந்த இடம் ஏன் சொட்டையானது என்று பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள், இறங்கவில்லையென்றால் மண் இறுகிக் கிடக்கிறது. கார்டன் ஃபோர்க்கால் அங்கங்கே நாலு அங்குல ஆழத்துக்குக் குத்தி, மக்கிய உரத்தைத் தூவிவிடுங்கள்.

அப்புறம் வெயில். கடையில் பெர்முடா என்று விற்பது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல்லின் இனம்தான். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவோமே, அந்த அருகு நாள் முழுக்க வெயில் கேட்கும், மரநிழலில் இளைத்துவிடும். நிழலுக்கு நம் புளோக் திடல்களில் பார்க்கிற அகல இலை கவ் கிராஸ்தான் தோது. அதற்கு விதையே வேண்டாம், நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து வேரோடு கையளவு பெயர்த்து, அரையடிக்கு ஒன்றாக நட்டால் படர்ந்துவிடும்.

அருகு விதை பொடிப்பொடியாக இருக்கும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும், உலர்ந்த மணலோடு கலந்து தூவி, காலால் லேசாக மிதித்துவிடுங்கள், புதைக்கக் கூடாது. மழை குறைகிற பிப்ரவரி நல்ல நேரம், ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்குக் காலையும் மாலையும் பூத்தூறலாகத் தண்ணீர் காட்ட வேண்டும்.

ரசாயன உரம் கடைசியில்தான். முளைத்து ஒரு மாதம் போகட்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற 15-15-15 உரம் என்றால் சதுர மீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம். உச்சிவெயிலில் போட்டால் கருகும், இடிமழைக்கு முன் போட்டால் காசு கால்வாய்க்கு. போட்டதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

இப்போது என் வீட்டு மாமரத்தடியில் கவ் கிராஸ், வாசல் பக்கம் அருகு. போன பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா கடைக்குப் போகவில்லை, வாசலிலேயே பிடிபிடியாகப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய இடத்தில் மறுபடியும் சொட்டை.