கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எல்லோருக்கும் எரிச்சல். அப்பாவின் பைக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டும் அதுதான் அன்றைக்குக் கிடைத்த நல்ல நேரம். காதைப் பொத்திக்கொண்டே பெட்டிகளை எண்ணும். வீட்டுக்கு வந்த பிறகும் அதே ரயில் பேச்சுதான். "ஒழுங்கா எழுதி முடி, அப்பால ரயில் வீடியோ காட்டுறேன்" என்கிறோம். அதாவது ரயிலைக் கூலியாக்கிவிடுகிறோம். பாடம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கவேண்டிய வேலை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ரயிலையே பாடமாக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

நம் புறநகர் ரயில் பாதையைப் பாருங்கள். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று 8 நிலையங்கள். பழைய காலண்டர் அட்டையில் ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலத்தில் 8 துண்டு வெட்டி, தடித்த கறுப்பு மார்க்கரில் அட்டைக்கு ஒரு பெயர் எழுதுங்கள். ரயில் படம் வரைய வேண்டாம். வரைந்தால் கண் படத்துக்குப் போய்விடும், எழுத்தைப் பார்க்காது.

முதல் வாரம் எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள். தரையில் வரிசையாக அடுக்கினால் போதும். நிலையங்களின் வரிசை பிள்ளைக்கு மனப்பாடம் என்பதால், எந்த அட்டை எந்தப் பெயர் என்று சீக்கிரமே பிடித்துவிடும். அடுத்த வாரம் கத்தரிக்கோலை எடுங்கள். 'தண்டையார்', 'பேட்டை' என்று இரண்டாக வெட்டுங்கள். 'கொருக்குப்', 'பேட்டை' அதேபோல. இரண்டிலும் ஒரே 'பேட்டை' இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். பிறகு 'வண்ணாரப்' என்று ஒரு புது அரை அட்டையைக் கொடுங்கள். யாரும் சொல்லித்தராத ஒரு பெயரை அன்றைக்குப் பிள்ளை தானாகப் படிக்கும்.

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் தடுமாற்றம் உள்ள பிள்ளை தடுக்கி விழும் இடமும் கொருக்குப்பேட்டை என்ற பெயரிலேயே இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் 'க', பின்னால் துணைக்கால். கண்ணுக்கு மூன்று துண்டு, காதுக்கு ஒரே ஒலி. வாயில் 'க்' முதலில் வருகிறது, தாளில் கொம்பு முதலில் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளை 'கெ' என்று நின்றுவிடுகிறது. இதைச் சோம்பல் என்று தலையில் குட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மனம் வலிக்கிறது. கொம்புக்குத் தனி வண்ணம் அடித்துக் காட்டுவது பலரும் செய்யும் தவறு. எழுத்து இன்னும் உடைந்துபோகும். மூன்று துண்டையும் ஒரே வண்ணத்தில் எழுதி, சுற்றி ஒரு கட்டம் போடுங்கள். எவர்சில்வர் தட்டில் ஒரு டம்ளர் ரவையைப் பரப்பி, உள்ளங்கை அளவுக்கு விரலால் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது 'கொம்பு, க, கால்' என்று உறுப்புகளைச் சொல்லக் கூடாது. எழுதி முடிக்கும் வரை 'கொ' என்ற ஒலி மட்டும்தான். சில பிள்ளைகளுக்கு ரவை விரலில் பட்டாலே கூசும். கையைப் பிடித்து அழுத்தாதீர்கள், ஒரு ஸ்பூன் காம்பைக் கொடுத்தால் போதும்.

இதே அட்டைகளில் கணக்கும் உண்டு. பேசின் பிரிட்ஜுக்கு 0, கொருக்குப்பேட்டைக்கு 1, எண்ணூருக்கு 7. தண்டையார்பேட்டை 2. அங்கே ஏறி 5 நிலையம் போனால் எண்ணூர், இரண்டும் ஐந்தும் ஏழு. திரும்பி வந்தால் கழித்தல். பெரும்பாலான பிள்ளைகள் ஏறிய நிலையத்தையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவார்கள், விடை ஒன்று குறையும். "வண்டி நகர்ந்து அடுத்த ஸ்டேஷன் வந்தாதான் ஒண்ணு" என்று சொல்லி, ஒரு தீப்பெட்டியை அட்டைமேல் நகர்த்திக் காட்டுங்கள். கணக்குக்காக இல்லாத நிலையத்தை மட்டும் உருவாக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை கணக்கை விட்டுவிட்டு அந்தப் பிழையிலேயே நின்றுகொள்ளும், அது சரியும்கூட.

ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று 20 ஆக்கினால் மறுநாள் பாயில் உட்கார மறுக்கும். இடையில் அரைக்குடம் தண்ணீர் தூக்கிவரச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் கனம் தூக்கினால் பல பிள்ளைகள் அடங்கி உட்காருவார்கள்.

பள்ளிக்கூடம் பற்றி இரண்டு செய்தி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருக்கின்றன. பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரமும், பிள்ளை சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். ஆனால் மருத்துவச் சான்றிதழுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அலைய ஆரம்பியுங்கள், தேர்வு மாதத்தில் ஓடினால் கிடைக்காது. வழக்கமான பள்ளி ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குச் சேர்ந்து, பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். 5 ஆண்டுகளில் 9 வாய்ப்பு உண்டு.

வகுப்பு ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது வெட்டிய அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். "கரும்பலகையைப் பார்த்து எழுத இவளால் முடியல டீச்சர், அச்சடிச்ச தாள்ல கொடுங்க, பதிலை வாயால கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே பிள்ளையை அட்டைகளை அடுக்க விடுங்கள்.