உலிதி: மிதந்து வந்த கடற்படைத் தளம்

வணக்கம் நேயர்களே. இரண்டாம் உலகப் போர் என்றதும் பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா எல்லாம் உடனே நினைவுக்கு வரும். உலிதி என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் 1945 மார்ச்சில், ஜப்பானின் ஒகினாவா தீவு மீது அமெரிக்கா படையெடுப்பதற்குச் சற்று முன்பு, அந்த ஒரே இடத்தில் 600-க்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன.

பசிபிக்கில் கரோலைன் தீவுகளில், யாப் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது உலிதி. பவளப்பாறை வளையம், அதன் மேல் அங்கங்கே துண்டு துண்டாகச் சின்னச் சின்னத் தீவுகள், நடுவில் காயல். எல்லாத் தீவுகளையும் கூட்டினாலும் 5 சதுர கிலோமீட்டர் தேறாது. காயலோ 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆழமும் நங்கூரம் போடத் தோதானது.

ஜப்பானியர்கள் இந்த இடத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. 1944 செப்டம்பர் 23 அன்று அமெரிக்கப் படை இறங்கியபோது எதிர்க்க அங்கே ஆளே இல்லை. பக்கத்தில் பெலெலியு தீவுக்காக அதே நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், போரில் பெரும் பயன் தந்ததோ ஒரு குண்டும் சுடாமல் கிடைத்த உலிதிதான்.

சரி, 5 சதுர கிலோமீட்டர் மண்ணை வைத்துக்கொண்டு உலகத்தின் மிகப் பெரிய கடற்படைக்கு எங்கே பட்டறை கட்டுவது, எங்கே கிடங்கு வைப்பது? கட்டவே இல்லை, எல்லாவற்றையும் மிதக்கவிட்டே கொண்டு வந்துவிட்டார்கள். கமடோர் வொரால் கார்ட்டர் தலைமையிலான பத்தாவது சேவைப் படைப்பிரிவுதான் இதைச் செய்தது. பழுதுபார்க்கும் கப்பல்கள், கப்பலையே நீருக்கு மேலே தூக்கிவைத்துப் பழுதுபார்க்க மிதக்கும் உலர்துறைகள், கடல்நீரைக் குடிநீராக்கும் கப்பல்கள், குண்டு ஏற்றி வந்தவை, எண்ணெய் ஏற்றி வந்தவை என்று ஊர்ந்து வந்து காயலுக்குள் நின்றுகொண்டன. கப்பலிலேயே ரொட்டிகூடச் சுட்டார்கள்! ஐஸ்கிரீம் தயாரிக்க ஒரு மிதவை இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பூமத்தியரேகைக்குப் பக்கத்து வெயிலில் மாதக்கணக்கில் இரும்புப் பெட்டிக்குள் வெந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அடிபட்ட கப்பல் பழுதுபார்க்க 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பேர்ல் ஹார்பர் வரை திரும்பிப் போக வேண்டியதில்லை என்பதுதான் இதில் முக்கியமான லாபம்.

மண்ணில் கட்டியதும் கொஞ்சம் உண்டு. கடற்படையின் கட்டுமானப் பட்டாலியன்களை 'சீபீஸ்' என்பார்கள், பலரும் ஊரில் சாலை போட்டு, பாலம் கட்டி, கிரேன் ஓட்டிப் பழகிய தொழிலாளிகள். உலிதியின் ஃபலலொப் தீவில் ஜப்பானியர் விட்டுப்போன விமானத் தளத்தை இவர்கள் விரிவாக்கினார்கள். பவளக்கல்லை நொறுக்கிப் பரப்பி, கடல்நீர் தெளித்து உருட்டினால் நன்றாக இறுகிவிடும், சிமெண்டைக் கப்பலில் சுமந்து வர வேண்டியதில்லை. ஓடுபாதை சுமார் 1,000 மீட்டர், தீவின் குறுக்கே கரையிலிருந்து கரை வரை.

மொக்மொக் தீவைப் பொழுதுபோக்குக்கென்று ஒதுக்கினார்கள். 1,200 பேர் உட்காரும் அரங்கு, விளையாட்டுத் திடல், பீர். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மாலுமிகள் இறங்கி ஆட்டம் போட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த மக்கள்? ஃபஸ்ஸராய் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். சண்டையில்லாமல் அவர்களுடைய தலைவரின் சம்மதத்தோடு நடந்தது என்று பதிவுகள் சொல்கின்றன, அத்தனை போர்க்கப்பல் சூழ்ந்து நிற்கும்போது கேட்கும் சம்மதம் என்ன சம்மதம் என்பது என் சந்தேகம்.

ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. 1944 நவம்பர் 20 விடியலில், மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் 'கைட்டன்' என்ற தற்கொலை டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டை, முதன்முதலாக இந்தக் காயலில்தான் ஏவினார்கள். மிசிசினேவா என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்து மூழ்கியது, 63 பேர் மாண்டார்கள். அப்புறம் 1945 மார்ச் 11 இரவு, ஜப்பானிலிருந்து தற்கொலைத் தாக்குதலுக்குக் கிளம்பி வந்த விமானங்களில் ஒன்று ராண்டால்ஃப் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மீது மோதியது. இன்னொன்று தரையில் போய் விழுந்தது. இருட்டில் தீவையே கப்பல் என்று நினைத்துவிட்டான் விமானி என்கிறார்கள். கப்பல்களே ஊராக நின்ற அந்த இடத்தில் இந்தக் குழப்பம் எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

போர்முனை நகர்ந்ததும் தளமும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. கட்டாத தளத்தில் அதுதான் வசதி, கைவிடுவதும் சுலபம். ஆனால் மூழ்கிய மிசிசினேவா கிளம்பவில்லை. 2001-இல் அதிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. மீனையும் காயலையும் நம்பி வாழும் மக்களுக்கு அது சோற்றில் மண் விழுந்த கதைதான். 2003-இல் அமெரிக்கக் கடற்படை திரும்ப வந்து, சுமார் 18 லட்சம் கேலன் எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனது.