சமச்சீர் கணக்கு புக் தரமில்லையா, பையன சிபிஎஸ்இ மாத்தணுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு அம்மா நீளமா டைப் பண்ணிருக்காங்க, நான் சுருக்கி சொல்றேன். பையன் அரசுப் பள்ளில 5ஆவது. அவங்க அக்கா பையனும் 5ஆவது தான், ஆனா சிபிஎஸ்இ. லீவுக்கு வந்தப்ப அவன் பின்னத்தை எல்லாம் கூட்டுறானாம், நம்ம பையன் நோட்ட பாத்தா இன்னும் கழித்தல் தான் ஓடிட்டு இருக்கு. சொந்தக்காரங்க எல்லாம் சமச்சீர் சிலபஸ்ல தரமே இல்ல, 6ஆவதுக்கு மாத்திருன்றாங்க, கடன வாங்கியாவது மாத்திரலாமா சார்னு கேக்குறாங்க.

அம்மா, மொதல்ல இந்த சிலபஸ் தரமில்லன்ற பேச்ச பாப்போம். நம்ம புக்க 2018ல மாத்தினாங்க, 1, 6, 9, 11 மொதல்ல வந்துச்சு, மத்த வகுப்புக்கெல்லாம் அடுத்த வருஷம். இப்ப இருக்கற 10ஆவது கணக்கு புக்க யார்கிட்டயாச்சும் வாங்கி புரட்டி பாருங்க, மொதல் பாடமே உறவுகளும் சார்புகளும், அது சிபிஎஸ்இல 11ல தான் வருது, பெருக்குத் தொடர், திட்ட விலக்கம் இதெல்லாமும் அங்க 11ஆவது, அணிகள் 12ஆவது, நம்ம பசங்களுக்கு எல்லாமே 10லயே இருக்கு. இன்னும் சொன்னா புக்கு கனமா இருக்குன்னு வேணா சண்டை போடலாம், லேசா இருக்குன்னு போட முடியாது.

அப்ப சொந்தக்காரங்க சொல்றது சுத்த பொய்யான்னா அதுவும் இல்ல. கோளாறு பரீட்சைல இருக்கு. 10ஆவது பேப்பர் 100 மார்க், பாஸ் 35. அதுல கடைசில 8 மார்க் கேள்வி ரெண்டு, ஒண்ணு ஜியாமெட்ரி வரைபடம், ஒண்ணு கிராஃப், ரெண்டுக்குமே சாய்ஸ் வேற, இத மட்டும் கை பழகிட்டா 16 மார்க் வந்துருச்சு. ஒரு மார்க் 14 இருக்கு, புக் பேக்க மனப்பாடம் பண்ணா அதுல பெரும்பாலும் தேறும். இன்னும் அஞ்சு மார்க்குக்கு ஒரு தேற்றம். இவ்ளோ தான் கணக்கு, கணக்கே தெரியாம கணக்குல பாஸ்!

நானும் இத செஞ்சவன் தான், ஒளிக்க வேணாம். டியூஷன் எடுத்த புதுசுல தேல்ஸ் தேற்றத்த பாட்டு மாதிரி ஒப்பிக்க வெச்சேன், பொண்ணு ஒருத்தி கமா கூட விடாம எழுதுவா. ஒரு நாள் சும்மா ஏபிசிக்கு பதிலா பிக்யூஆர்னு முக்கோணத்துக்கு பேர மாத்தி குடுத்தேன், பேனாவ வெச்சுட்டு "சார் இது நடத்தவே இல்ல"ன்னுட்டா. அன்னிக்கு வீட்டுக்கு போயி சாப்பாடே எறங்கல எனக்கு.

சரி உங்க பையன் விஷயம். நோட்டுல கழித்தல் ஓடுதுன்னு பதறாதீங்க. எண்ணும் எழுத்தும்னு 2022ல கொண்டு வந்தாங்கல்ல, கொரோனால ஸ்கூல் மூடி கெடந்ததுல விட்டுப் போனத பிடிக்கறதுக்கு, மொதல்ல 1லருந்து 3 வரைக்கும், அடுத்த வருஷம் 4, 5க்கும். அதுல பசங்கள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அவன் எந்த நிலைல இருக்கானோ அங்கருந்து ஆரம்பிப்பாங்க. அதனால நீங்க டீச்சர்கிட்ட ஏன் இன்னும் பின்னம் வரலன்னு கேக்காதீங்க, என் பையன் இப்ப எதுல இருக்கான், எப்ப மேல போவான்னு கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு ஒவ்வொரு ஸ்கூல்லயும் இருக்கு, அதுல பாதிக்கு மேல பெற்றோர் தான், கூட்டத்துக்கு போயி கையெழுத்து போட்டு டீ குடிச்சுட்டு வராம வாயத் திறங்க.

அதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு டெஸ்ட் வைங்க, அஞ்சு நிமிஷம். 502லருந்து 178ஐ கழிக்க சொல்லுங்க. 324 வந்தா நல்லது. 476ன்னு எழுதினான்னா வெச்சுக்கோங்க, திட்டாதீங்க, அது கவனக்குறைவு இல்ல. 5ல 1 போனா 4, 0க்கும் 7க்கும் வித்தியாசம் 7, 2க்கும் 8க்கும் வித்தியாசம் 6, மேல கீழ எது பெருசோ அதுலருந்து சின்னத எடுத்துட்டான், கடன் வாங்கறதுன்னா என்னன்னே அவனுக்கு போய் சேரல. நாலு நூறு ரூபா நோட்டு, பத்து ரூபா நோட்டு பத்து, ஒரு ரூபா காயின் ரெண்டு குடுத்து கைல எடுத்து வெக்க சொல்லுங்க, பத்து ரூபா ஒண்ண சில்லறை மாத்தாம 8 எடுக்க முடியாதுன்னு அவனே சொல்வான். அடுத்து 618ஐ 6ஆல வகுக்க சொல்லுங்க. 13ன்னு போட்டான்னா நடுவுல பூஜ்யம் தொலைஞ்சிருக்கு, 103 வரணும், இடமதிப்புல ஓட்டை.

இந்த ஓட்டையோட நீங்க 6ஆவதுல சிபிஎஸ்இ கொண்டு போய் சேத்தா அங்க அவன் உக்கார வெச்ச எடத்துலயே உக்காந்திருப்பான், இங்க்லீஷ்லயும் புரியாது கணக்கும் புரியாது, ரெண்டு பாரம். ஃபீஸுக்கு மேல டியூஷன் ஃபீஸும் வரும். இன்னொண்ணு, 6லருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, நீங்க 6ஆவதுலயே மாத்துனா அத அங்கயே விட்டுட்டீங்கன்னு அர்த்தம், அத பத்தி சொந்தக்காரங்க யாரும் சொல்லிருக்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணு, உங்க ஸ்கூல்ல கணக்குக்கு டீச்சரே இல்லாம ஒரு வருஷம் ஓடுதுன்னா நான் சொன்ன எதுவும் செல்லாது, பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு மாத்துங்க, தாராளமா மாத்துங்க. மத்தபடி அந்த 502 கணக்க இன்னிக்கு ராத்திரி குடுத்துட்டு என்ன விடை வந்துச்சுன்னு எனக்கு கமெண்ட்ல போடுங்கம்மா, அடுத்த வீடியோல அதுலருந்தே பேசறேன்.