அம்மாவும் அத்தையும் சந்திக்கும் நாள்

தேவிகுளம் வானொலி நேயர்களுக்கு வணக்கம். மூணாறு பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்றைக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மீச்சிறு பொது மடங்கு பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பள்ளியில் மீ.சி.ம. என்று படித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், மலையாள வழியில் படிக்கிற பிள்ளை இதையே ல.சா.கு. என்று சொல்லும். லகுதம சாதாரண குணிதம் என்பதன் சுருக்கம் அது. இரண்டு பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

விஷயம் எளிதுதான். எட்டும் பன்னிரண்டும் எடுத்துக்கொள்வோம். எட்டின் மடங்காகவும் இருக்க வேண்டும், பன்னிரண்டின் மடங்காகவும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட எண்களில் ஆகச் சிறியது எது? பேப்பர், பேனா தேடாதீர்கள். பெரிய எண்ணின் மடங்கை மட்டும் வாயால் சொல்லுங்கள். பன்னிரண்டு, எட்டால் வகுபடுமா? படாது. இருபத்து நான்கு; வகுபடும். முடிந்தது. விடை 24.

நிறையப் பேர் இரண்டையும் பெருக்கி 96 என்று சொல்லிவிடுவார்கள். 96 பொது மடங்குதான், ஆனால் ஆகச் சிறியது அது இல்லை. ஏன் இல்லை என்பதை எங்கள் ஊர்த் தேயிலைக் கொழுந்துப் பையை வைத்துச் சொல்கிறேன். நான்கு நான்காகக் கட்டி வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். எட்டு என்பது இரண்டு கட்டு. பன்னிரண்டு என்பது மூன்று கட்டு. இரண்டும் மூன்றும் எங்கே சேரும்? ஆறில். ஆறு கட்டு என்றால் 24. இரண்டு எண்ணுக்கும் பொதுவாக இருக்கிற அந்த நான்கை, பெருக்கும்போது இரண்டு தடவை சேர்த்துவிடுகிறோம். ஒரு தடவை எடுத்துவிட்டால் போதும். 96-ஐ நான்கால் வகுத்தால் 24. இந்த நான்குக்குக் கட்டு என்றே பெயர் வைத்துக்கொள்வோம், மறுபடியும் வரும்.

இப்போது ஒரு சம்பவம். ஏழாம் வகுப்பில் இந்தக் கணக்கை நடத்தும்போது, பிள்ளைகளுக்குப் பழக்கமானதாக இருக்கட்டும் என்று கொழுந்துக் காட்டையே எடுத்தேன். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தக் காட்டிலிருந்து வந்து இப்போதுதான் கால் கழுவியிருப்பீர்கள். ஒரு காட்டில் இன்றைக்குக் கொழுந்து எடுத்தால், அதே செடிக்கு மறுபடி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும், பனிக் காலத்தில் இன்னும் தள்ளிப் போகும். அதைத்தான் ரவுண்டு என்கிறோம். நான் கேட்ட கேள்வி இது: ஓடைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் காடு, எட்டு வேலை நாளுக்கு ஒரு ரவுண்டு. அந்தப் பக்கம் அத்தையின் காடு, பன்னிரண்டு வேலை நாளுக்கு ஒரு ரவுண்டு. இருவரும் இன்றைக்கு ஓடைக்கரையில் சந்தித்துப் பேசினார்கள். மறுபடி எப்போது? எல்லாப் பிள்ளைகளும் 24 என்று எழுதினார்கள். நானும் சரி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பெண் பிள்ளை மட்டும் பத்து நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரம் ஈரத்தில் சுருண்ட நாற்பது பக்க நோட்டு. உள்ளே வரிசையாக எண்கள், சிலதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், சிலதைச் சுற்றி நீல வட்டம். "சார், எங்க அம்மா திங்கக்கிழமை ஓடைக்கரைக்குப் போனாங்க. அத்தை புதன்கிழமைதான் போனாங்க. நீங்க சொன்ன எட்டும் பன்னிரண்டும் வச்சு ஒரு வருசத்துக்கு எழுதிப் பாத்துட்டேன். ரெண்டு வட்டமும் ஒரே நம்பர்ல வரவே இல்ல சார்."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீங்களும் மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பூஜ்யம் என்று வைத்தால், அம்மா வரும் நாள் 8, 16, 24, 32, 40. அத்தை வரும் நாள் 2, 14, 26, 38, 50. 14-க்கு அத்தை வந்தால் 16-க்கு அம்மா. 24-க்கு அம்மா வந்தால் 26-க்கு அத்தை. எப்போதும் இரண்டு நாள் முன்னே, இல்லாவிட்டால் இரண்டு நாள் பின்னே. எத்தனை வருடம் எழுதினாலும் இதேதான்.

காரணம் அந்தக் கட்டுதான். இருவரும் நான்கு நான்காகத்தான் நகர்கிறார்கள், ஒருவர் இரண்டு கட்டு, ஒருவர் மூன்று கட்டு. ஆரம்பத்தில் இருந்த வித்தியாசம் இரண்டு நாள், அதாவது அரைக் கட்டு. முழுக் கட்டுகளாகவே தாண்டித் தாண்டிப் போனால் அரைக் கட்டு எப்படி நிரம்பும்? அத்தை புதனுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை தொடங்கியிருந்தால், வித்தியாசம் நான்கு நாள், ஒரு முழுக் கட்டு. அப்போது 16-ஆம் நாள் இருவரும் சந்திப்பார்கள், அதன் பிறகு 24 நாளுக்கு ஒருமுறை.

நேயர்களே, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். ஒருமுறை சந்தித்தவர்கள் மறுபடி எத்தனை நாளில் சந்திப்பார்கள் என்பதை மீ.சி.ம. சொல்லும். முதல் சந்திப்பு உண்டா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆரம்ப நாளைப் பார்க்க வேண்டும். நம் பாடப்புத்தகக் கணக்கு பெரும்பாலும் "இன்று இருவரும் சந்தித்தனர்" என்றே தொடங்குகிறது, அதனால் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே எழாமல் போகிறது. அந்தப் பிள்ளைக்கு எழுந்ததென்றால், வீட்டில் அம்மா அத்தையைப் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

நம் மலையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ராஜமலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அந்த 2018 ஆகஸ்டு மழையும் மண்சரிவும் யாருக்கும் மறந்திருக்காது, பூவைப் பார்க்க வரவேண்டிய கூட்டம் வரவில்லை. அடுத்தது 2030. கும்பகோணம் மகாமகமும் பன்னிரண்டு வருடக் கணக்குத்தான். 2004, 2016, அடுத்து 2028. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் மீ.சி.ம. பன்னிரண்டேதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு வருடம். இரண்டும் இப்படியே பன்னிரண்டு பன்னிரண்டாக நடந்தால், குளத்தில் முழுகிய அதே வருடம் குறிஞ்சியைப் பார்க்க முடியாது.

சந்திக்கிற உதாரணமும் ஒன்று சொல்கிறேன். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 வருடம், சனி சுற்றிவர ஏறத்தாழ 30 வருடம். 30-ஐச் சொல்லுங்கள், பன்னிரண்டால் வகுபடாது. 60 வகுபடும். அதாவது ஏறத்தாழ அறுபது வருடத்தில் இரண்டும் தொடங்கிய இடத்துக்கே சேர்ந்து வரும். பிரபவ முதல் அட்சய வரை நம் வருடப் பெயர்கள் அறுபது, அறுபது முடிந்தவருக்கு மணிவிழா. வீட்டில் பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். பெரிய எண்களுக்குக் கட்டைக் கண்டுபிடிக்க, பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் முறை ஒன்று வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 84, 60. பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 24. அறுபதை 24-ஆல் வகுத்தால் மீதி 12. இருபத்து நான்கைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதி இல்லை. ஆக, கட்டு பன்னிரண்டு. 84-இல் ஏழு கட்டு. ஏழை அறுபதால் பெருக்கினால் 420, அதுதான் மீ.சி.ம. ஆரம்ப நாள் வேறு வேறாக இருந்தால் முதல் சந்திப்பைக் கண்டுபிடிக்க 499-ஆம் ஆண்டுவாக்கிலேயே ஆரியபட்டர் வழி சொல்லியிருக்கிறார், குட்டகம் என்று பெயர். அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. அம்மாவுக்கு ஆறு நாள் ரவுண்டு, அத்தைக்கு ஒன்பது நாள் ரவுண்டு. அம்மா திங்கட்கிழமை தொடங்குகிறார். அதே வாரத்தில் அத்தை எந்தக் கிழமை தொடங்கினால் இருவரும் சந்திப்பார்கள்? ஞாயிறு லீவு, வேலை நாளை மட்டும் எண்ணுங்கள். வணக்கம்.